ஸ்பேசருக்கு இட்ட சந்தனம்

செல்வா,

இதை எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். போனில் சொன்னால் முடிந்துவிடுகிற விஷயத்துக்கு இத்தனை பக்கமா என்று உனக்குத் தோன்றும். ஆனால் போனில் நான் எப்படிப் பேசுவேன் என்பது உனக்குத் தெரியும். "சாப்பிட்டியா, அங்க மழையா, சரி வச்சிரவா" என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. அதிலும் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, டிவி பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, காதை முழுவதும் இங்கே வைத்திருப்பார். நீயும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பேசி முடித்துவிடுவாய். அந்த நடுவில் நான் எதைச் சொல்ல? அதனால் ராஜபாளையத்தில், நான் பில் போடுகிற அதே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், மதியம் ஆள் வராத நேரம் பார்த்துக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி வைத்திருக்கிற உன் நண்பர்கள் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. சக்கரத்தைப் பற்றிச் சொல்வது அவர்களுக்கும் உதவும். மற்றது நமக்குள் இருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுத என்னால் முடியாது.

தையில் உனக்குக் கல்யாணம். நீயோ ஆயுத பூஜை முடிந்து ஓசூருக்குப் போனவன், தீபாவளிக்குக்கூட ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வரவில்லை. வேலை அதிகம் என்றாய். உன் ஜீப் முன்பக்கம் ஒரு சக்கரம் இல்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது. "கல்யாணத்துக்கு வாடகைக் கார்ல வந்துக்கிடுதேன்" என்று நீ சுந்தரபாண்டியம் ரோட்டில் சொன்னது வீம்புக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன். போன வாரம் கார் பேசிவிட்டதாக உன் நண்பன் சொன்ன பிறகுதான், நீ நிஜமாகவே சொன்னாய் என்று தெரிந்தது. அப்பாவும் மகனும் வேறு வேறு வண்டியில் பெண் வீட்டில் போய் இறங்கினால், அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் ஒரே வண்டியில் ஏறுவது எப்போது? நீ அவர்தான் காரணம் என்று நினைக்கிறாய். அவர் நீதான் காரணம் என்கிறார். இரண்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ரோட்டில் நின்றபோதே தெரியும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் நேராக இந்தக் கடைக்கு வந்த நாட்கள் நினைவிருக்கிறதா? உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் உன் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மம்சாபுரத்தில் எங்கள் தெருவிலேயே முதலில் டிகிரி வாங்கியவள் என்று பெயர். இயற்பியல் படித்தவள். ஆனால் கடைக்கு வருகிறவர் "ஏம்மா, ஓனர் இல்லையா?" என்று கேட்டால் "இதோ" என்று எழுந்து உள்ளே போய்விடுவேன். என்ன வேண்டும் என்று கேட்கக் கூச்சம். உன்னோடும் அப்படித்தான். பதினொரு வயதுப் பையனோடு என்ன பேசுவது என்று இருபத்திரண்டு வயதுக்காரிக்குத் தெரியவில்லை. அதனால் கலந்துபோன நட்டுத் தட்டை உன் முன்னால் வைத்தேன். நீயும் பேசாமல் பிரிக்க ஆரம்பித்தாய். அடிப்பக்கம் கூம்பாக இருப்பது ஒரு பக்கம், உருண்டையாக இருப்பது ஒரு பக்கம், தட்டையாக வாஷரோடு இருப்பது ஒரு பக்கம். பிறகு ஒரு ஸ்டட்டை, சுற்றிலும் மரை வெட்டிய அந்தக் குட்டைக் கம்பியை, எடுத்து ஒவ்வொரு நட்டாக விரலால் சுழற்றி ஏற்றுவாய். கடைசிவரை தானாக ஓடிப் போனால் அது அந்த மரைக்குரிய நட்டு. இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டால் மரையின் இடைவெளி வேறு. "சித்தி, இது போகல." "போகலன்னா அது இதோட சோடி இல்ல. விரலுக்குப் போகாததை ஸ்பேனரால ஏத்தக்கூடாது." நாம் இருவரும் முதன்முதலாக முழுதாகப் பேசிக்கொண்டது அதுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நாம் நன்றாகப் பழகிவிட்டோம் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடந்திருந்தது. அதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. நான் வந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாமி அலமாரியிலிருந்த பாத்திரங்களை எல்லாம் துலக்கக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தேன். அதில் ஒரு சந்தனக்கல்லும் இருந்தது. நடுவில் குழிந்து, ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப்பட்ட கல். நான் தண்ணீர் ஊற்றப் போகும்போது நீ ஓடிவந்து அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாய். "இது எங்கம்மாது. நீங்க தொடாதீய." கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாய். குளித்துவிட்டு வந்த உன் அப்பா அதைக் காதில் வாங்கி, "ஏலே, என்ன பேச்சு பேசுத?" என்று கை ஓங்கினார். நான்தான் நடுவில் போய், "விடுங்க, அது அவன் அம்மாவோடதுதான்" என்றேன். அதற்குப் பிறகு நான் அந்தக் கல்லைத் தொட்டதே இல்லை. அலமாரி துடைக்கும்போதும் அதைச் சுற்றித் துடைப்பேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நீ பெரியவனான பிறகு என்னிடம் எவ்வளவோ அன்பாக இருந்தாய். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, முகம் சுளிக்காமல் கூட இருந்தவன் நீ. ஆனாலும் அந்தக் கல்லைச் சுற்றி நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோடு நாளடைவில் கல்லைத் தாண்டியும் நீண்டுவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. உனக்கு எது சரி, எது தப்பு என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்துகிற அந்த ஸ்பேசர் வளையம் வந்த அன்றும் அப்படித்தான். வண்டி அகலமாக நிற்க வேண்டும், சக்கரம் வெளியே தெரிய வேண்டும் என்று நீ ஆசைப்பட்டு, ஆன்லைனில் வாங்கிய பெட்டியை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தாய். "சித்தி, நீங்க சொல்லுங்க, எப்பிடி?" கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அலுமினியத்தை அச்சில் ஊற்றி எடுத்தது. ஓரத்தில் பொடிப் பொடியாகத் துளை. நடுத்துளை, சக்கரத்தைத் தாங்குகிற ஹப்பின் கழுத்தைவிடப் பெரியது. அப்படி இருந்தால் ஸ்பேசர் ஹப்பின் மேல் சரியாக நடுவில் உட்காராது, ஸ்டட்டுகள் மட்டுமே அதை நடுவில் பிடித்து நிறுத்த வேண்டும். அதோடு வந்த ஸ்டட்டின் தலையில் எந்த வலிமை எண்ணும் பொறிக்கப்படவில்லை. நல்ல ஸ்டட்டில் 10.9 என்பதுபோல ஓர் எண் இருக்கும், தயாரித்தவரின் குறி இருக்கும். எண் இல்லாத ஸ்டட், தான் எவ்வளவு தாங்கும் என்று சொல்லாத ஸ்டட். இத்தனையும் என் நாக்கு நுனியில் நின்றது. உன் முகத்தைப் பார்த்தேன். அப்பாவிடம் காட்டும் முன் என்னிடம் காட்டுகிறாயே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. "நல்லா இருக்குப்பா" என்றேன். இந்த இரண்டு வார்த்தைக்காக இன்றுவரை வருந்துகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் இதே பெட்டியைக் கொண்டுவந்து கேட்டிருந்தால், எவ்வளவு கூச்சமானாலும், "இது வேணாம்ண்ணே" என்று சொல்லியிருப்பேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் நீயும் அப்பாவும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள்! அவர் வேலை பார்க்கிற மில்லில் பூஜை முடித்துப் பொரியோடு வந்தார். நீ டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி வந்திருந்தாய். எவ்வளவு இறுக்கம் போகிறது என்று எண்ணில் காட்டுகிற அந்த ஸ்பேனரைப் பார்த்து அவர், "இதென்னலே, நட்டுக்குக் காய்ச்சல் பாக்குத கருவியா?" என்று கேட்டார். நீ, "ஆமா, உங்க கைக்குத்தான் காய்ச்சல் அடிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாய். நான் சமையலறை வாசலில் நின்று சிரித்தேன். பிறகு நீ அலமாரியைத் திறந்து அந்தக் கல்லை எடுத்தாய். உட்கார்ந்து நிதானமாகச் சந்தனம் அரைத்தாய். உன் அம்மா, வீட்டுக்கு வருகிற எந்த இரும்புக்கும் முதலில் சந்தனம் பூசுவார், பொட்டு மாதிரி வைக்காமல் முகம் முழுவதும் பூசுவார் என்று எனக்குச் சொன்னவன் நீதான். அரிவாள்மணையோ, அடிபம்போ, உன் முதல் சைக்கிளோ, எதுவானாலும் அப்படித்தான் என்றாய். அன்று ஸ்பேசர்களைத் தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் கெட்டியாகப் பூசினாய். நடுவில் குங்குமம் வைத்தாய். சூடம் காட்டினாய். காய்வதற்குக்கூட நேரம் விடாமல் அப்படியே ஹப்பின் மேல் வைத்து நட்டை ஏற்ற ஆரம்பித்தாய்.

ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் நிற்கிற தடித்த வளையம். அதன் ஒரு முகம் ஹப்பின் முகத்தோடும், மறு முகம் சக்கரத்தின் முகத்தோடும் உலோகமும் உலோகமுமாக ஒட்டி உட்கார வேண்டும். நட்டை இறுக்கும்போது ஸ்டட் ஒரு மயிரிழை நீண்டு, ரப்பர் மாதிரி திரும்ப இழுக்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நடுவில் துருவோ, பெயிண்டோ, மண்ணோ, வேறெதுவோ ஒரு படலமாக இருந்தால், நட்டு இறுகிவிட்டது போலத் தெரியும். ரெஞ்சும் சரியான எண்ணைக் காட்டும். பிறகு வண்டி ஓடி, சூடேறி, குலுங்கும்போது அந்தப் படலம் நொறுங்கிக் கொட்டும். நடுவில் இடைவெளி விழும். நீண்டிருந்த ஸ்டட் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு நட்டு மரையில் சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். இதை எனக்குக் கல்லூரியிலும் சொன்னார்கள், கடையும் சொல்லிக்கொடுத்தது. நீ பூசிய போது ஈரத் துணியைக் கையில் எடுத்தேன். வாசல்வரை வந்தேன். உன் அம்மாவின் கல்லில், உன் அம்மாவின் வழக்கப்படி, நீ அரைத்துப் பூசிய சந்தனத்தை "துடைச்சிட்டு மாட்டுப்பா" என்று எந்த வாயால் சொல்வது? துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டேன்.

உள் நட்டுகளை, அதாவது ஸ்பேசரை ஹப்போடு பிடிக்கிற நட்டுகளை, நீ ரெஞ்ச் வைத்துச் சரியாகத்தான் இறுக்கினாய். எதிரெதிரான நட்டுகளை மாற்றி மாற்றி, இரண்டு மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாய். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உன் கையில் தப்பில்லை. எண் சரிதான், அந்த எண் சந்தனத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரத்தை ஸ்பேசரோடு பிடிக்கிற வெளி நட்டுகளை அப்பா வாங்கிக்கொண்டார். மில் பழக்கத்தில் மரைக்கு எண்ணெய் விட்டார். வீல் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி மேலே ஏறி நின்றார். அதுவும் தப்புதான். எண்ணெய் விட்ட மரை வழுக்கும், அதே பலத்துக்கு ஸ்டட் அதிகமாக நீளும். தயாரித்தவர் வேறு மாதிரிச் சொன்னாலொழிய மரை சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். ஆனால் நம்மை ரோட்டில் நிறுத்தியது அவர் இறுக்கிய நட்டு இல்லை. அவை கடைசிவரை கழலவில்லை.

சுந்தரபாண்டியத்துக்குப் பெண் வீட்டாரோடு புடவை எடுப்பது பற்றிப் பேசப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ திரும்ப நினைக்க விரும்பமாட்டாய். நான் பின் சீட்டில் பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் 'டக்... டக்...' என்று மெல்லிய சத்தம். பிறகு ஸ்டியரிங் உன் கையில் நடுங்கியது. நீ உடனே வேகத்தைக் குறைத்து ஓரத்தில் நிறுத்தினாய். அந்த நிதானத்தால்தான் நாம் மூவரும் இன்று இருக்கிறோம். அதை உன் அப்பா இன்றுவரை உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். நான் சொல்கிறேன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினாய். ஸ்பேசர் கையால் ஆட்டினாலே ஆடியது. ஹப்பில் ஒரு ஸ்டட் முறிந்திருந்தது. மற்றவற்றில் மரை தேய்ந்துபோயிருந்தது.

"ஏலே, நான் அப்பவே சொன்னேம்லா, கடிகார ஸ்பேனரை வச்சுத் தடவிக் குடுத்தா இப்பிடித்தான் ஆவும்னு."

"தடவிக் குடுக்கலப்பா. நீங்க பைப்பைச் சொருகி மேல ஏறிக் குதிச்சீயள்லா, அதுல ஸ்டட்டு எல்லாம் நீண்டு போச்சு. இது காருப்பா, உங்க மில்லு மெசினு இல்ல."

"நான் இறுக்குன நட்டு அந்தா இருக்கு, கழண்டிருக்கா பாரு! கழண்டது எது? நீ இறுக்குனது."

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தாய்மாமா பைக்கில் தேடிக்கொண்டு வந்தார். "என்ன சம்மந்தி, நடு ரோட்டுல பஞ்சாயத்து? அங்க வடை ஆறுது" என்று சிரித்தார். உன் அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "ஒங்க மாப்ளைக்கு நாலு சக்கரம் அதிகமாம். மூணு போதும்னு முடிவு பண்ணிட்டான்." மாமாவும் சிரித்தார். உன் முகம் எப்படிப் போயிற்று என்று பார்த்தது நான் மட்டும்தான். நீ வீல் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு நான் வாடகைக் கார்ல வந்துக்கிடுதேன். நீங்க ஒங்க பைப்போட வாங்க" என்றாய். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அப்போது எனக்கு ஒரு வாசனை வந்தது. நீங்கள் கத்திக்கொண்டிருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை போலும். பிரேக் சூட்டில் ஹப் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில், கிரீஸ் நாற்றத்தையும் ரோட்டுப் புழுதியையும் மீறிச் சந்தனம் மணத்தது. உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் வருகிற அதே மணம். அப்போதே சொல்லியிருந்தால் அந்தச் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். பழக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜீப்பை வீட்டுக்கு இழுத்துவந்தது, எங்கள் கடைக்கு எதிரே டயர் கடை வைத்திருக்கிற காஜா அண்ணன். நீ ஊருக்குப் போன பிறகு, ஒருநாள் காலையில் வந்து நம் முற்றத்தில் வைத்து ஸ்பேசரைக் கழற்றினார். உள் முகத்தில் மஞ்சள் நிறத்தில் பாதி ஒட்டியும் பாதி பொரிந்தும் கிடந்தது. "தங்கச்சி, இங்க பாரு, யாரோ ஸ்பேசருக்கு வெள்ளையடிச்சிருக்காவ" என்றார். நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்கடைக்குப் புது ஜாக்கி வந்தா நானும் பாத்திஹா ஓதித்தான் கையில எடுப்பேன். ஆனா சாம்பிராணியை உள்ள வச்சா முடுக்குதேன்?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "சரி விடு, அவங்கிட்ட நீயே சொல்லு, ரோட்டுல போற நான் சொன்னா நல்லாருக்காது" என்று எழுந்துவிட்டார். அவர் போனதும் ஹப்பில் ஒட்டியிருந்ததைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து எடுத்தேன். அப்போது அழுதேன் என்று சொன்னால் நம்புவாயா? எனக்கே ஏன் என்று தெரியவில்லை. உன் அம்மாவின் கையைத் துடைத்து எடுப்பதுபோல இருந்தது.

இது ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். வார்ப்பு ஸ்பேசர், பெரிய நடுத்துளை என்று எல்லாமே சேர்ந்துகொண்டது. மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி, சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளை மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் யாரும் செய்யவில்லை. செய்திருந்தால் சந்தனம் அப்போதே நம்மைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் முதலில் விட்டுக்கொடுத்தது அந்தப் படலம்தான். உன் கையும் இல்லை, அப்பாவின் காலும் இல்லை. இதை அவரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வாயிலிருந்து, யோசிக்காமல், உன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று பயம். அப்படி வந்துவிட்டால் அவராலேயே அதைத் தாங்க முடியாது. உன்னாலும் முடியாது.

உன் அம்மா உண்மையில் எப்படிப் பூசினார் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பழைய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அப்பா முதன்முதலில் வாங்கிய பைக்கின் பக்கத்தில் உன் அம்மா நிற்கிறார். நீ அவர் இடுப்பில். நான் அவரை மனதுக்குள் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், உனக்குத் தெரியாது. அக்கா அந்த வண்டிக்கு நிறையவே சந்தனம் பூசியிருக்கிறார். முகப்பு விளக்கைச் சுற்றி, டேங்கின் மேல், சக்கரத்தின் நடுவில். எல்லாம் வெளியே. எல்லாம் வண்டி முழுதாக நின்ற பிறகு. உன் சைக்கிளுக்கும் அவர் அப்படித்தான் செய்திருப்பார், அரிவாள்மணைக்கும் அப்படித்தான். பூட்டப்போகிற இரண்டு இரும்புக்கு நடுவில் அவர் பூசவே இல்லை, செல்வா. அவர் கையில் ஸ்பேசர் என்ற ஒன்று வந்ததே இல்லை. நாம்தான் முன்பின்னாக மாற்றிவிட்டோம். பூட்டி முடித்துப் பூச வேண்டியதைப் பூசிப் பூட்டிவிட்டோம். இதை நீ நம்ப வேண்டும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. போட்டோ டிவி பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறது, வந்தால் நீயே பார்க்கலாம்.

இனி ஜீப்பை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். என் மனதில் உள்ளதை இந்த முறை மறைக்காமல் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு ஸ்பேசரே வேண்டாம். கம்பெனி கொடுத்த சக்கரம், கம்பெனி கொடுத்த இடத்தில் இருக்கட்டும். மற்றச் சக்கரங்களில் இருக்கிற ஸ்பேசர்களையும் கழற்றிவிட வேண்டும், அவற்றுக்குள்ளும் இதே சந்தனம்தான். ஸ்டட் முறிந்த அந்த ஹப்பில் அத்தனை ஸ்டட்டையும் மாற்ற வேண்டும். முறிந்தது ஒன்றுதான் என்று அதை மட்டும் மாற்றாதே, மற்றவையும் அதே கஷ்டத்தைப் பட்டவைதான். பிறகும் உனக்கு ஸ்பேசர் வேண்டும் என்றால், அடித்து உருவாக்கிய அலுமினியத்தில், உன் ஹப்பின் கழுத்தில் கச்சிதமாக உட்காருகிற நடுத்துளையோடு, உன் வண்டிக்கென்றே சொல்லி விற்பதாகப் பார்த்து வாங்கு. துளை அமைப்பு ஏறக்குறைய பொருந்துகிறது என்று யாராவது சொன்னால் வாங்காதே. அது பொருந்தவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மாட்டிய பின் ஹப்பின் பழைய ஸ்டட் நுனி ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் சக்கரம் அதன் மேல் உட்காரும், ஸ்பேசரின் மேல் உட்காராது. மெல்லிய தகடு மாதிரி இருப்பதை நடுவில் சொருகி, பழைய ஸ்டட்டிலேயே நட்டைப் போடவும் கூடாது. மரை போதாது. ஸ்டட் எவ்வளவு தடிமனோ, குறைந்தது அந்த அளவு நீளமாவது நட்டுக்குள் மரை பிடித்திருக்க வேண்டும். நட்டின் அடிப்பக்கம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது சக்கரத்தின் துளையோடு ஒத்துப்போக வேண்டும். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தட்டில் பிரித்தவன் நீ. எந்த எண்ணுக்கு இறுக்குவது என்று உன் வண்டியோடு வந்த புத்தகத்திலும் ஸ்பேசரோடு வருகிற தாளிலும் பார், என்னையும் கேட்காதே, அப்பாவையும் கேட்காதே. வண்டியில் இப்படி மாற்றம் செய்ய அனுமதி உண்டா, இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளுமா என்பதையும் விசாரித்துவிடு. இத்தனையும் அன்றைக்கு "நல்லா இருக்குப்பா" என்பதற்குப் பதிலாக நான் சொல்லியிருக்க வேண்டியவை.

அப்பாவைப் பற்றி ஒன்று. நீ போன பிறகு அவர் அந்தப் பைப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் அவரைக்கொடிப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "சும்மா கெடந்துச்சு, ஒனக்கென்ன?" என்றார். மில்லில் யாரிடமோ டார்க் ரெஞ்ச் விலை விசாரித்திருக்கிறார். சாயங்காலம் வந்தால் ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார். நேற்று, "அவன் வாடகைக் கார் பேசிட்டானாம்லா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். "தெரியாது" என்றேன். அவர் தம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. காப்பி தீர்ந்த பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

புது ஸ்டட்டும் அதற்குரிய நட்டும் நம் கடையிலேயே எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எல்லாம் தானாகப் போகின்றன. ஹப்பின் முகம் சுத்தமாகக் காத்திருக்கிறது. காஜா அண்ணன் ஸ்டட் ஏற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். கல்யாணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. நீ ஒரு நட்டு, அப்பா ஒரு நட்டு என்று எதிரெதிராக இறுக்குங்கள். ரெஞ்சை அவர் கையிலும் கொடு. அவர் கேலி செய்வார், செய்யட்டும். சந்தனம் பற்றி அவரிடம் நீதான் சொல்ல வேண்டும். உன் வாயால் கேட்டால் அவர் தப்பாக ஒன்றும் சொல்லமாட்டார். பிறகு ஸ்பேசர் இல்லாத அந்த ஜீப்பில் மூவருமாகச் சுந்தரபாண்டியம் போய், ஆறிப்போன வடைக்குப் பதிலாகச் சூடான வடை சாப்பிட்டு வருவோம். திரும்பி வந்ததும் நட்டுகளை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுவோம்.

இன்னொன்று. கேட்கலாமா வேண்டாமா என்று இந்தக் கடிதத்தின் முதல் வரியிலிருந்தே யோசித்துக்கொண்டு வருகிறேன். சக்கரம் மாட்டி, இறுக்கி, வண்டி தரையில் இறங்கி நின்ற பிறகு, வெளியே, சக்கரத்தின் நடுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், அக்கா பூசியது போலவே முகம் முழுவதும் சந்தனம் பூச வேண்டும். அந்தச் சந்தனத்தை, அக்காவின் கல்லில், இந்த ஒரு முறை நான் அரைக்கட்டுமா?

சித்தி